அசையாத கட்டம்

“அப்பா என்ன இனமோ, அதேதான் பிள்ளைக்கும் விழும்ணே. நான் போடல, இதுவே போட்டுக்குது.” கணக்கெடுக்க வந்த பெண் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டுகிறாள். சாவி செய்பவர் இரும்புத்தூள் அப்பிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் திரையைத் தொடுகிறார். மகள் பெயருக்கு எதிரே உள்ள கட்டம், எத்தனை முறை அழுத்தினாலும் கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் கிடக்கிறது. “ஊர்ப்பட்ட பூட்டத் திறக்கிறேன், இது திறக்க மாட்டேங்குதே,” என்று சிரிக்கப் பார்க்கிறார். சுவர் நெடுக ஆணிகளில் தொங்கும், இன்னும் பல் வெட்டாத சாவிகள்மீது மதிய வெயில் நடுங்குகிறது. முக்காலியில் உட்கார்ந்து வளையத்தில் சாவி கோத்துக்கொண்டிருக்கும் மகள், தலை நிமிராமலே கேட்கிறாள்: “அப்ப அம்மாவோடது?” வளையம் கிணுகிணுப்பது நிற்கிறது. அவர் கணக்கெடுப்பவளிடம் திரும்புகிறார். “போன கணக்குல இந்தத் தெருவுலயே அவ ஒருத்திதாம்மா அந்த இனம். போன மாசம் அவளும் போய்ச் சேந்துட்டா. இவளையும் என் பக்கம் சேத்துட்டா, அந்த ஆளுங்க இங்க இருந்ததே இல்லன்னு ஆயிடும்ல?” கணக்கெடுப்பவள் இனங்களின் பட்டியலை விரலால் தள்ளிப் பார்க்கிறாள். பயிற்சி வகுப்பில் எல்லாம் சொன்னார்கள், இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இன்னும் நாற்பது வீடு பாக்கி. பட்டியலில் அந்த இனத்தின் பெயர் பதினேழாவதாக இருக்கிறது, தொட முடியாத தூரத்தில். அவர் இன்னொரு கையிலிருந்த அரத்தை மெல்லக் கீழே வைக்கிறார். “என் கட்டம் திறக்கும்ல? அதுல என்னுத அழிச்சிட்டு அவளோடதப் போடும்மா. பிள்ளைக்குத் தானா விழுந்துடும்.”