உக்கிராணச் சாவி

கல்யாண மண்டபத்தின் உக்கிராணத்தில், அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே, பெண்ணைப் பெற்ற கோமதி சாவியோடு உட்கார்ந்திருந்தாள். புருஷனை இழந்தவள் மேடைப் பக்கமே வரக் கூடாதாம். ஆனால் தாலித் தட்டு மட்டும் பத்திரமாக அவளிடம்தான் இருக்க வேண்டுமாம்.

வாசலில் அவளுடைய அண்ணன் செழியன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சம்பந்தி வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "உக்கிராணம்னா சமையல் சாமான் வைக்கிற அறை. தெலுங்குலயும் கன்னடத்துலயும் இந்தச் சொல் இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னுதான் ஆராயணும்."

"நான் எப்படிண்ணே இங்க வந்தேன்? அதை ஆராய்ஞ்சு சொல்லு" என்றாள் கோமதி.

அண்ணன் சிரித்து மழுப்பினார். "நம்பிக்கையான ஆளைத்தானேம்மா உக்கிராணத்துல உட்கார வைப்பாங்க."

மேடையிலிருந்து குரல் வந்தது. "தாலி எங்கப்பா? நேரமாகுது!"

அண்ணன் அவசரமாகக் கையை நீட்டினார். கோமதி தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதில் சாவியை வைத்தாள்.

"நீயும் நம்பிக்கையான ஆளுதானேண்ணே. பார்த்துக்க."

மேடையை நோக்கி நடந்தாள்.