இடது கை மட்டும்

"அக்கா, எனக்கு இடது கை மட்டும் கறுத்தா போதும்."

மரினால்வாவுக்குக் கோபம் வந்தது. அவளுடைய மொட்டை மாடியில் காசு கொடுத்து வெயிலில் தோலைக் கறுக்க வைத்துக்கொள்ளலாம்; ஆனால் பெண்களுக்கு மட்டும்தான். உடம்பில் டேப்பாலேயே பிகினி ஒட்டி, கேரட் எண்ணெய் பூசி வெயிலில் படுப்பார்கள். டேப்பை உரித்தால் கறுத்த தோளில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும். அந்தக் கோட்டுக்குத்தான் அவ்வளவு கூட்டம்.

"ஆம்பளைக்கு இங்க இடமில்ல. கீழ இறங்கு தம்பி."

"படியிலயே உக்காந்துக்கறேன். கையை மட்டும் நீட்டறேன்."

மாடியே சிரித்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள் எடிலேனி. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் ராசா, மீதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் கறுத்துக்குவியா? பின்தெரு சலூன்ல திருட்டுத்தனமா தோலைக் கறுக்க வெக்கற மெஷின் வெச்சிருக்கான். அதுல போய்ப் படு. முழுசா கறுத்துட்டு வரலாம்."

"தடை பண்ணின மெஷினுக்கு ஆள் சேக்கறியா நீ?" என்று மரினால்வா அவளை முறைத்தாள்.

"மெஷின் எனக்குச் சரிப்படாதுக்கா," என்றான் அவன். "அது அக்குள் வரைக்கும் ஒரே சீரா கறுக்க வெச்சிடும். எனக்கு லாரி டிரைவர் கை வேணும்."

"எதுக்கு?" என்றாள் மரினால்வா.

அவன் பெயர் ஜெனிவால். உரித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி வெளுத்திருந்தான்.

"போன வாரம்தான் ஜெயில்லேருந்து வந்தேன். நான் ஓட்டின லாரில இருந்தது திருட்டுச் சரக்கு. தெரிஞ்சேதான் ஓட்டினேன். அம்மாகிட்ட மட்டும், வடக்கே லோடு அடிக்கறேன்னு போன்ல சொல்லிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை வர்றா."

"கையையா பாக்கப் போறா?"

"அப்பாவும் லாரி டிரைவர்தான். இடது பக்கம் உக்காந்து ஓட்டறப்ப ஜன்னல்ல போட்ட கை எப்படிக் கறுக்கும்னு அவளுக்கு அத்துப்படி. நெஞ்சு பலவீனம்க்கா. மலை ஊர்ல தையல் மெஷினை விட்டு எந்திரிக்க மாட்டா, வெயில்லயே வர மாட்டா. உண்மை தெரிஞ்சா தாங்க மாட்டா."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சட்டைக்கை நிக்கற இடத்துல டேப் ஒட்டு."

"வாட்ச் பட்டைக்கும் ஒட்டுடி!"

"இடது கன்னத்தை விட்டுட்டியே!"

மரினால்வா அவன் கையில் எண்ணெய் தடவி, முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, லாரி ஜன்னலில் போடுவது போலவே மடக்கி விட்டாள்.

"இன்னிக்கே கறுத்துடுமாக்கா?"

"இன்னிக்குச் சிவக்கும். தோல் தன்னைக் காப்பாத்திக்கத்தான் கறுக்குது. அதுக்கு ரெண்டு மூணு நாள் வேணும். ஞாயித்துக்கிழமைக்குச் சரியா வந்துடும்."

எடிலேனி அவனுக்குக் குளிர்ந்த மாத்தே இலை டீ ஊற்றிக் கொடுத்தாள். "உள்ள உன்னைப் பாக்க யாருமே வரலையா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல. சர்ச்சிலேருந்து மாசா மாசம் ஒரு பை வரும். அதுல கொய்யா அல்வா இருக்கும். அதுதான் என்னை உயிரோட வெச்சிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். மகனின் இடது கையைத் தடவிப் பார்த்து, "உங்கப்பா கை மாதிரியே இருக்குடா," என்றாளாம். எடிலேனி இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அந்த அம்மா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். கொளுத்தும் வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். கையில் சோளத் தோகையில் சுற்றிய பொட்டலம்.

"எம் புள்ளை கையைக் கறுக்க வெச்சது நீதானே?"

மரினால்வா எண்ணெய்ப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "எந்தக் கை? நான் யாரையும்..."

"கை அச்சு அசலா இருந்துச்சும்மா. ஆனா கேரட் எண்ணெய் வாசனை அடிச்சுது. லாரிக்காரன் கையில டீசல் வாசனைதானே வரணும்?"

"அம்மா, அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க. உங்களுக்கு நோகக் கூடாதுன்னுதான்..."

"எனக்குத் தெரியாதா?" என்ற அம்மா பொட்டலத்தை நீட்டினாள். கொய்யா அல்வா.

மரினால்வா அதையே பார்த்தாள்.

"ஜெயில் வாசல்ல சர்ச் பேரைச் சொல்லித்தான் குடுத்துட்டுப் போவேன்," என்றாள் அம்மா. "நான் வந்து நின்னது தெரிஞ்சா அவன் குறுகிப் போயிடுவான்."

சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, ஒரு பக்கத் தோளை விலக்கினாள். காய்ந்து கறுத்த தோளில் கழுத்தோரமாக ஒரு பட்டை வெள்ளைக் கோடு. பை வார் அழுந்திய கோடு. அந்தப் பேட்டையில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. சிறை வாசலில் பையும் தோளுமாக வரிசையில் காயும் பெண்களுக்கெல்லாம் அது இருக்கும்.



அம்மா படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தக் கோட்டை மட்டும் தெரியாம கறுக்க வெச்சிடும்மா. அவன் கண்ணுல பட்டுடப் போகுது."