சூடு வராத கார்

“மறுபடியும் சூடு வரல தம்பி. காலடி விரிப்பெல்லாம் ஈரம்,” என்று கார் சாவியை நீட்டினார் டெலிபோன் அக்கா.

மெக்கானிக் முகம் சுளிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, துடைத்துப் போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தே ஓய்வு பெற்றவர் என்பதால் அக்காவுக்கு அந்தப் பெயர். இப்போது அவர் வீட்டுப் போன் அடித்தால் அது பெரும்பாலும் ராங் நம்பராகத்தான் இருக்கும். காலையில் ரேடியோவைப் போட்டு, அதில் பேசுகிறவர்களுக்கு ‘ம்’ கொட்டிக்கொண்டே வீட்டைப் பெருக்குவார்.

கணவர் விட்டுப்போனது இந்தப் பழைய கார் ஒன்றுதான். போன வருடம் அதன் இன்ஜினும் உயிரை விட்டது. எடைக்குப் போடச் சொன்னவர்கள்தான் அதிகம். இந்த மெக்கானிக் மட்டும், ஒரு வேனின் இன்ஜினை எடுத்து இதில் பொருத்தித் தருவதாகச் சொன்னார்.

இன்ஜின் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. மல்லுக்கு நின்றது ஹீட்டர்தான். இன்ஜினில் கொதிக்கும் தண்ணீர், டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஹீட்டர் பெட்டிக்குள் ஓடி வந்தால்தான் காருக்குள் சூடு வரும். வேன் இன்ஜினின் குழாய் வாய் பெரிது, பழைய பெட்டியின் வாய் சிறிது. மெக்கானிக் பித்தளையில் ஒரு இணைப்பைக் கடைந்து வாங்கி, ரப்பர் ஹோஸ் மாட்டி, இன்ஜின் பக்கம் ஒரு கிளிப்பும் பெட்டிப் பக்கம் ஒரு கிளிப்பும் போட்டு முறுக்கினார். அக்கா பக்கத்திலேயே நின்று, எது எதற்கு என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அன்று சூடு நன்றாகத்தான் வந்தது. அடுத்த வாரமே கார் திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. தண்ணீர் சொட்டிக் குறைந்துவிடுகிறது, சூடு நின்றுவிடுகிறது. அந்த மலையூரின் குளிர்காலம் முழுக்க இதே பாடு.

ஒவ்வொரு முறையும் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்ப்பார். பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்துக்கொள்வார். அப்படிப் படுத்தபடியே பேசுவார். மனைவி போய்ச் சேர்ந்ததையும், மகளோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மனஸ்தாபம் வந்ததையும் அக்கா அப்படித்தான் தெரிந்துகொண்டார். ஒரு காலத்தில் நாலு பேர் வேலை பார்த்த ஷெட்; இப்போது அவரும் எதிரொலியும்தான். அக்கா தன் பங்குக்கு, சண்டை முற்றிய தம்பதிகளின் போனை வேண்டுமென்றே துண்டித்துக் குடும்பங்களைக் காப்பாற்றிய கதைகளைச் சொல்வார். அரை நாள் போவது தெரியாது.

இந்த முறையும் அவர் அப்படிப் படுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து டயர் கடைக்காரர் வந்து பேச்சைக் கெடுத்தார். தன் பழைய காரை இங்கே ரிப்பேருக்குக் கொடுக்கவிருந்த டாக்டர் ஒருவர், ஒரு ஹீட்டரை உருப்படியாகச் சரிசெய்யத் தெரியாதவரிடம் வண்டியை விட மாட்டேன் என்று வேறு ஷெட்டுக்குப் போய்விட்டாராம். கடைத்தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கிறதாம். நல்லதுக்குத்தான் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிருந்தது.

அக்காவுக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது. சொல்லிவிட்டால் இனி இந்த ஷெட்டுக்கு வர ஒரு காரணம் இருக்காது. சொல்லாவிட்டால் ஒரு மனிதனின் தொழில் பெயர் கெட்டுப்போகும்.

“தம்பி, உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல,” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. “ஒவ்வொரு தடவையும் நான்தான் கிளிப்பைத் தளர்த்திட்டு வர்றேன். வீட்ல பேச ஆளில்லப்பா.”

மெக்கானிக் மெல்ல வெளியே வந்தார். பழந்துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டயர் கடைக்காரரிடம் தானே போய் உண்மையைச் சொல்லிவிடுவதாகவும், இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்றும் முணுமுணுத்தார்.

“எந்தக் கிளிப் அக்கா?”

“இன்ஜின் பக்கம் இருக்கறது. அது ஒண்ணுதான்.”

மெக்கானிக் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

“அப்ப உட்காருங்க. உள்ள, பெட்டிப் பக்கம் இருக்கறத லூசா விடறது நான்.”