கடைசி இடம்

பத்திரிகை வந்ததும் ஊரே தையற்காரம்மாவைத் திட்டியது.

குடியிருக்க ஏற்ற சின்னக் கல்லூரி ஊர்கள் எவையெவை என்று அந்தப் பத்திரிகை வருடாவருடம் வரிசைப்படுத்தும். இந்தத் தடவை இவர்கள் ஊருக்குக் கிடைத்தது கடைசி இடம்.

ஊர் ஒன்றும் மோசமில்லை. கல்லூரி மைதானத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நூலகத்தில் ஊர்க்காரர்களுக்கும் இடமுண்டு. எங்கே போனாலும் நடந்தே போய்த் திரும்பிவிடலாம். நிருபராக வந்த பெண்ணுக்கே ஊர் பிடித்துப்போயிருந்தது. கிளம்புகிற நேரத்தில் அறுந்த பையைத் தைக்கக் கொடுத்துவிட்டு, தையற்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது.

தெருவிளக்கு பாதி எரியாது, குழாயில் இன்றைக்குத் தண்ணீர் வந்தால் நாளைக்கு வராது, பரீட்சை முடிந்தால் பையன்கள் போடும் கூச்சலில் காது போய்விடும் என்று அந்தம்மா அடுக்கிக்கொண்டே போனார். எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் கண், காது, மூக்கு வைத்திருந்தார். பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்டதற்கு, ஒப்பிடவே வேண்டாம் என்றாராம்.

அத்தனையும் அப்படியே அச்சில் வந்துவிட்டது.

கடைத்தெருவில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனை விற்கிறவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு மனசு கேட்கவில்லை. அவள் கணவர் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இன்னமும் வாடகை வீடுதான். நேராக வந்து கேட்டுவிட்டாள்.

"ஏன்க்கா, நீங்க இங்க வந்து முழுசா ஒரு வருஷம்கூட ஆகல. உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்?"

"ஒரு குறையும் இல்லம்மா. நான் இருந்ததுலேயே நல்ல ஊரு இதுதான்."

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

தையற்காரம்மா மிஷினை நிறுத்தினார். மடியில் கிடந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னார்.

"முன்னாடி நான் இருந்ததும் காலேஜ் ஊருதான். இதே பத்திரிகையிலேர்ந்து வந்து கேட்டாங்க. நான்தான் வாய் வலிக்க ஆஹா ஓஹோன்னு சொன்னேன். முதல் இடம் கிடைச்சுது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியல."

"சரி..."

"எங்கெங்கிருந்தோ கார்ல வந்து இறங்குனாங்க. கேட்ட விலைக்கு வீடு வாங்குனாங்க. வாடகை ஏறுச்சு, திரும்பவும் ஏறுச்சு."

பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஊரு இன்னமும் நல்லாத்தான் இருக்கு. எங்க தெருவுல வாடகைக்கு இருந்தவங்கதான் ஒருத்தர்கூட இப்ப அங்க இல்ல."