அந்தப் பக்கத்துத் திரை

டின்சி மேஜைக்கு அடியில் மண்டியிட்டிருந்தாள். கேபிளின் முனை துளைக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஏ பிள்ள, ஜீப்பு பன்னெண்டு மணிக்குப் போயிரும். அதுக்குள்ள எம்பேரு சரியாயிரணும், சொல்லிட்டேன்."

மேலேயிருந்து அதட்டியவர் சுடலைமணி. எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். அவர் வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. வேலைதான் அவரை இன்னும் விடவில்லை. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார். தப்பு அகப்பட்டால் டைப் அடித்தவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இந்தமுறை அகப்பட்டது அவருடைய சொந்த ரேஷன் கார்டு. ஆங்கிலத்தில் 'எஸ்' என்று தொடங்க வேண்டிய பெயருக்கு யாரோ மலையாள வாயில் வருகிறபடி 'சி', 'ஹெச்' போட்டு 'ச்சுடலமணி' ஆக்கியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட சண்டைகளுக்குப் பயந்துதான், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் அந்தக் கடையின் முதலாளி மத்தியாஸ் பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். இருக்கிற ஒரே கம்ப்யூட்டருக்கு இனி இரண்டு திரை. ஒன்று டின்சியைப் பார்த்து, இன்னொன்று எதிர் நாற்காலியைப் பார்த்து. டைப் அடிப்பதை வந்தவர்களே பார்த்துக்கொள்ளட்டும், பிறகு வந்து கத்தக்கூடாது.

இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடிமாலி டவுனுக்குப் போய்விட்டார்.

கேபிள் ஒருவழியாக ஏறியது. டின்சி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு திரையிலும் ஒரே காட்சியா, தனித்தனியா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அவள் தனித்தனி என்பதை அழுத்தினாள்.

முதலாளி சொல்லைத் தட்டுகிற பெண் இல்லை அவள். ஆனால் இன்று மதியத்துக்குள் தேனி ஆஸ்பத்திரி லேபிலிருந்து அவளுக்கு ஒரு மெயில் வரவேண்டியிருந்தது. மார்பில் இருந்த கட்டியில் ஊசி போட்டு எடுத்த சதையின் ரிப்போர்ட். போனுக்கு வந்தால் மகள் எடுத்துப் பார்த்துவிடுவாள் என்றுதான் மெயிலில் கேட்டிருந்தாள்.

கட்டி இருக்கிற விஷயமே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சும்மா கொழுப்புக் கட்டி என்று வந்துவிட்டால் கடைசிவரை சொல்லாமலே இருந்துவிடலாம். பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சுடலைமணியின் பழைய கார்டைத் திறந்து அவர் பக்கத்துத் திரைக்கு இழுத்துவிட்டாள். அவர் பார்த்து முடித்ததும் அதை மூடிவிட்டு, திருத்தும் படிவத்தை அதே இடத்தில் வைத்தாள். இனி அவருக்குத் தெரிவது படிவம் மட்டும்தான்.

அவர் ஆரம்பித்துவிட்டார். எஸ், யு, டி, ஏ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். நடுவில் ஒரு பொருமல் வேறு. "வீட்டுப்பேருன்னு ஒரு கட்டம் வச்சிருக்கான் பாரு. லயத்து வரிசை வீட்டுல குடியிருக்கவனுக்கு ஏது வீட்டுப்பேரு? நம்பருதான் உண்டு."

அந்த நேரம் பார்த்து மெயில் வந்தது.

 மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு டின்சி ரிப்போர்ட்டின் மேல் அழுத்தினாள்.

அவள் திரையில் ஒன்றும் வரவில்லை. மழைக்காலத்தில் மலைமேல் நெட் இப்படித்தான் இழுக்கும். இன்னொரு தடவை அழுத்தினாள்.

தகப்பனார் பெயரைப் படித்துக்கொண்டிருந்த சுடலைமணி பாதியில் நிறுத்தினார்.

சத்தம் ஓய்ந்ததே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். மெயில் அப்படியே நின்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்ன கிளார்க்கய்யா, இன்னும் எழுத்து தப்பா?"

 வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் பார்க்கவில்லை.

டின்சி மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி அவள் திரையின் ஓரம்வரை போய், அதைத் தாண்டிக் காணாமல் போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பேப்பரைத் திறந்தால் அது கடைசியாக ஒரு பேப்பரை மூடிய இடத்தில்தான் திறக்கும். கடைசியாக மூடியது சுடலைமணியின் பழைய கார்டு. அதை மூடிய இடம் அந்தப் பக்கத்துத் திரை.

 அவமானமும் பயமும் ஒன்றாக ஏறி வந்தன. எட்டிப் பார்ப்பதற்காக நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தாள்.

அதற்குள் சுடலைமணி மானிட்டரின் அடியில் கையைவிட்டுத் தடவினார். பொத்தான் அகப்பட்டதும் அழுத்தி அணைத்தார்.

"கரண்டு போயிருச்சு தாயி," என்றார். அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ மொதல்ல உக்காரு, கொஞ்சம் தண்ணி குடி."

தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.