காடியில் ஊறிய கத்தி

"துருவே பிடிக்காத கத்தியா? அப்புறம் உங்கக்கா பொழுது போகாம என்னையில்ல மச்சான் தேய்ப்பா?"

ஜேபஸ் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஷெஃபீல்டில் கத்திப் பட்டறை வைத்திருப்பவர். அந்தக் காலத்தில் சாப்பாடு முடிந்ததும் கத்தியைச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தாக வேண்டும். விட்டால் காலையில் கறுத்துக் கிடக்கும்.

மனைவியின் தம்பி வில்ஃபிரட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. எஃகு உருக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. துருப்பிடிக்காத அந்தப் புது எஃகை யாராவது ஒரு கத்திக்காரர் வாங்காவிட்டால் உலையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். உலையோடு அவன் வேலையும் போகும்.

"விளையாட்டில்ல மாமா. கார்பன் கூடினா எஃகு கெட்டியாகும், ஆனா ஒடியும். நிக்கல் சேர்த்தா லேசுல ஒடியாது. டங்ஸ்டன் சேர்த்தா பழுக்கக் காய்ஞ்சாலும் கூர் மழுங்காது. நூத்துக்குப் பதிமூணு பங்கு குரோமியம் போட்டுப் பாருங்க, துரு கிட்டவே வராது."

"வெறுங்கையில முழம் போடாத. கத்தியைக் கொண்டா."

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான். ஜேபஸ் அதால் ஆட்டுக்கறியை நறுக்கிச் சாப்பிட்டார். துடைக்காமல் அப்படியே காடியில், அதாவது வினிகரில், ஊறிய வெங்காயத் தட்டில் போட்டு, சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டு மனைவி லெட்டியிடம் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தினமும் இதே மாதிரிதான். ஒரு பொட்டு கறுத்தாலும் உன் தம்பி எஃகு எனக்கு வேண்டாம்."

லெட்டி தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

தினமும் காலையில் டீக்கு முன்னால் ஜேபஸ் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் இரண்டு நாள் உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டார். "முதல் நாளைவிடப் பளபளப்பு கூடியிருக்கு, லெட்டி. இனி பட்டறை மொத்தமும் இந்த எஃகுதான். உன் தம்பியை வரச் சொல்லு."

சொல்லி அனுப்பத் தேவையில்லாமல் போயிற்று. வில்ஃபிரட் மூச்சிரைக்க உள்ளே வந்தான். கையில் இன்னொரு கத்தி இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மாமா. அது கன்னங்கரேல்னு ஆகியிருக்கும், எனக்குத் தெரியும். அதை வெச்சு வேண்டாம்னு சொல்லிடாதீங்க. ஒப்பிட்டுப் பார்க்க ஆலையில வெச்சிருந்த சாதா கத்தியை மாத்திக் குடுத்துட்டேன். அதுல குரோமியமே கிடையாது."

ஜேபஸ் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. பிறகு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

லெட்டி செங்கல்பொடி ஒட்டியிருந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"கறி பட்ட கத்தி கழுவாமக் கிடந்தா எனக்கு எப்படிங்க இருப்புக் கொள்ளும்? தினம் நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள தேய்ச்சுத்தான் திரும்ப வெச்சேன்."