கயிற்றோரத்து இடம்

"இனிகோ சார் வராம ஒருத்தரும் தண்ணியில எறங்கக் கூடாது!"

ஆனி மிஸ் குளத்தின் படியில் நின்று சொல்வது வாசல் வரை கேட்டது. பிள்ளையைத் தோளில் போட்டபடி இனிகோ உள்ளே நுழைந்ததும், காத்திருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் நகர்ந்து வழிவிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடைக்காது.

பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜின் நீச்சல் குளம் அது. கைக்குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு என்று ஆனி மிஸ் போர்டு வைத்ததிலிருந்து, தூத்துக்குடியில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் அதுதான் பேச்சு.

"நீங்க எப்பவும்போல கயித்தோரம் நில்லுங்க சார்."

இனிகோ கயிற்றை எட்டிப் பார்த்தான். நீலக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். அந்தப் பக்கம் தரை சரிந்து, இரண்டாள் ஆழம்.

"இன்னைக்கு ஒரு நாள் படி பக்கம் நிக்கட்டுமா மிஸ்?"

"ஐயோ, நீங்க அங்கன நின்னாத்தான் சார் எனக்குத் தெம்பு. முத்துக்குளிச்ச வம்சம்லா!"

வம்சம்தான். தாத்தா முத்துக் குளித்தவர், அதில் பொய்யில்லை. ஆனால் அப்பா காலத்திலேயே கரையேறிவிட்ட குடும்பம் அது. இனிகோ கப்பல் ஏஜென்சியின் ஏசி அறையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். தண்ணீர் மார்புக்கு மேல் வந்தால் அவனுக்குச் செபமாலை ஞாபகம் வந்துவிடும்.

இதை அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். கல்யாண நிச்சயம் முடிந்த சூட்டில் ஹில்டாவிடம், "முயல் தீவு வரைக்கும் நீந்திப் போயிட்டு வருவேன்" என்று அளந்துவிட்டான். அவள் அதை அப்படியே நம்பித் தன் அப்பாவிடம் சொல்ல, மாமனார் மாதா கோயில் வாசலில் கண்டவரிடமெல்லாம் மருமகன் பெருமை பாடிவிட்டார். இனி உண்மை வெளியே வந்தால் மாமனார் வீட்டில் தலைகாட்ட முடியாது.

தன் வண்டவாளம் தெரிந்துதான் ஆனி மிஸ் வேண்டுமென்றே கயிற்றோரம் நிறுத்திச் சோதிக்கிறாளோ என்றுகூட அவனுக்குச் சந்தேகம் உண்டு. கொஞ்சம் பிந்தினாலும் போன் அடித்துவிடுவாள்.

"ஏங்க, கொஞ்சம் சிரிங்க! அப்பாவுக்கு வீடியோ அனுப்பணும்." கரையிலிருந்து ஹில்டா செல்போனை நீட்டினாள்.

ஆனி மிஸ் படியை ஒட்டி நின்று ஆரம்பித்தாள். "மூச்ச மட்டும் கவனிங்க. தண்ணி உங்களத் தாங்குது, நீங்க பிள்ளையத் தாங்குதீங்க. உடம்பு எங்கன இறுகியிருக்குன்னு பாத்து, மெதுவா லேசா விடுங்க..."

கேட்கக் கேட்கத் தூக்கம் வரும் குரல் அவளுக்கு. அவள் கொண்டையில் வைத்த பிச்சிப்பூ ஒரு நாளும் நனைந்து இனிகோ பார்த்ததில்லை. தண்ணீருக்குள்ளும் எவ்வளவு பதவிசு என்று வியந்திருக்கிறான்.

மகன் குட்டிக் கிளைட்டனுக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். "மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லியா குடுக்கணும்!" என்றாள், பக்கத்தில் தன் மகளை மிதக்கவிட்டுக்கொண்டிருந்த ஜெயசெல்வி.

அந்தப் புகழ்ச்சியில் பிள்ளைக்கும் உற்சாகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தான். எண்ணெய் தேய்த்த கையிலிருந்து தங்கக் காப்பு நழுவி, சரிவில் உருண்டு, கயிற்றைத் தாண்டி ஆழத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஐயோ, ஞானஸ்நானத்துக்கு அப்பா போட்ட காப்பு!" என்று கத்திய ஹில்டா, மறுநொடியே சிரித்தாள். "பிள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு, முங்கி எடுத்துட்டு வாங்க. வீடியோ ஓடுது!"

பிள்ளை கை மாறியது. இனிகோ தப்பிக்க வழி தேடி ஆனி மிஸ்ஸைப் பார்த்தான்.

"கிளாஸ் உங்களோடது மிஸ். நீங்க எடுக்கதுதான் மொற."

"அதெப்படி சார்? முத்தெடுத்த பரம்பரை நிக்கும்போது நானா?"

"பரவால்ல, நீங்க எடுங்க."

"இல்ல சார், நீங்கதான் எடுக்கணும்."

பந்தியில் முதல் இலைக்கு உபசாரம் செய்துகொள்கிற சம்பந்திகள் மாதிரி இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்தார்கள். அம்மாக்களுக்கு மெய்சிலிர்த்தது. "ரெண்டு பேருக்கும் என்ன ஒரு அடக்கம் பாருங்க!" என்றாள் ஜெயசெல்வி.

"ஏங்க, எவ்வளவு நேரம்?" ஹில்டாவின் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

மானம் போனால் போகட்டும், உயிர் மிஞ்சட்டும் என்று இனிகோ முடிவுக்கு வந்தான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு படியருகே போய், ஆனி மிஸ்ஸின் காதோரம் குனிந்தான்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க மிஸ். எனக்கு நீச்சல் தெரியாது."

சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் முகம் வெளிறிப்போனது. படியின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் பிள்ளைகளத் தூக்கிட்டு மேல ஏறுங்க! இப்பவே ஏறுங்க!"

என்ன ஏது என்று புரியாமல் அம்மாக்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். குளத்தில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"எனக்குத் தெரியாததுக்கு நீங்க ஏன் மிஸ் இப்படிப் பதறுதீங்க?" என்றான் இனிகோ, குரலைத் தாழ்த்தி.

ஆனி மிஸ் கம்பியை விடவில்லை.

"எனக்கு மட்டும் தெரியுமா சார்? ஒங்கள நம்பித்தான கிளாஸே நடத்துதேன்!"